நான்காவது முக்காலி: சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வட்டார வசிப்போர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வசிப்போர் குழுவினருக்கு,

வணக்கம். மின்தூக்கிக்குள் நீங்கள் ஒட்டியிருந்த அறிவிப்பைப் போன வாரம் படித்தேன். நான்கு மொழிகளிலும் போட்டிருந்தீர்கள், நன்றி. தமிழில் மட்டும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்தது. ஏழாவது மாடியில் படிக்கத் தொடங்கியவனுக்குத் தரைக்கு வந்து கதவு திறந்தபோதுதான் அது ‘கீழ்த்தளம்’ என்பது புரிந்தது. பரவாயில்லை, எங்களுக்குப் பழகிவிட்டது.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், மாமா கடை என்ற சின்ன மளிகைக் கடை மூடிய இடத்தையும் அதற்கு முன்னால் இருக்கும் கல்மேசையையும் சேர்த்து அந்த மூலையைப் புதுப்பிக்கப் போவதாகச் சொல்லி, என்ன வேண்டும் என்று எங்களையே கேட்டிருக்கிறீர்கள். கியூஆர் குறியீட்டை என் மகள் கைப்பேசியில் திறந்து கொடுத்தாள். ஐந்து தெரிவுகள் வந்தன: சைக்கிள் நிறுத்துமிடம், உடற்பயிற்சிக் கருவிகள், சுவரோவியம், செடித்தொட்டிகள், பார்சல் பெட்டகம். ஒன்றைத்தான் தொட முடியும். ‘இருப்பது அப்படியே இருக்கட்டும்’ என்று ஒரு தெரிவு இல்லை. அடியில் ‘வேறு கருத்து’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. எழுதிக்கொண்டே போனேன், பாதி வாக்கியத்தில் இனி எழுத்து ஏறாது என்று நின்றுவிட்டது. அந்த மீதி வாக்கியம்தான் இந்த மடல்.

என்ன கேட்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் படிக்காமல் விட்டாலும் பாதகமில்லை. கல்மேசையை எடுக்காதீர்கள். அதைச் சுற்றி நான்கு முக்காலிகள் இருந்தன, இப்போது மூன்றுதான் இருக்கின்றன. நான்காவதைத் திரும்ப வையுங்கள். (ஒரே கால்தான், அதுவும் சிமெண்டில் புதைந்தது. ஆனாலும் எங்கள் வீட்டில் அதற்கு முக்காலி என்றுதான் பெயர்.)

அது போன கதையையும் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கொரோனாவுக்காக நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை தொடங்கியபோது மேசையைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டினார்கள். சரியான காரியம்தான், அதைக் குறை சொல்லவில்லை. அப்புறம் இரண்டு பேர் கூடலாம், ஐந்து பேர் கூடலாம், எட்டுப் பேர் கூடலாம் என்று எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் கொண்டிருந்த நாள்களில் ஒரு காலை வந்து பார்த்தால், நாடாவைக் காணோம். ஒரு முக்காலியையும் காணோம். அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு சிமெண்டுப் பூச்சு. யார் எடுத்தார்கள், உடைந்ததா, உடைக்கப்பட்டதா, யாருக்கும் தெரியவில்லை. உரிய இடத்துக்கு இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். ‘குறித்துக்கொண்டோம் சார்’ என்றார்கள். எங்கே குறித்தார்களோ, அந்தத் தாளும் முக்காலியோடு போயிருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு மடலா என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். ஈசூன்காரர்களுக்குச் சிரிப்பு புதிதில்லை. நாட்டில் எங்கே வினோதமாக ஏதாவது நடந்தாலும் ‘ஈசூனாகத்தான் இருக்கும்’ என்று மற்ற வட்டாரத்துக்காரர்கள் இணையத்தில் கேலி பேசுவது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. பேசட்டும். எனக்கு இந்த ஊரைவிட்டால் வேறு ஊர் இல்லை. ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும் பணம் பார்த்த லிம் நீ சூனின் பெயரை மாண்டரினில் சொன்னால் ஈசூன். அவர் மகன் சோங் பாங்கின் பெயரில் இங்கே ஒரு கம்பம், அதாவது கிராமம், இருந்தது. நான் வளர்ந்தது அங்கே. அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ்காரர்கள் படையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் கப்பல் பட்டறை வேலையிலேயே தொடர்ந்தார். கம்பத்தில் யார் வீட்டிலும் கதவு சாத்தியதில்லை, அந்தக் காலம் வருமா என்றெல்லாம் எழுதி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. மழை பெய்தால் அங்கே முழங்கால் தண்ணீர். கழிப்பறை வெளியே. 1986இல் இந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு வந்த முதல் நாள் அம்மா குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். அம்மாவிடம் போய்க் கம்பமே நன்றாக இருந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பார்.

1988 டிசம்பர் 20ஆம் தேதி எம்ஆர்டி ரயில் ஈசூன் வரைக்கும் வந்தது. உட்லண்ட்ஸுக்கு நீளும்வரை வடக்கே அதுதான் கடைசி நிலையம். ‘ரயில் எங்கே முடியுதோ அங்கே நம்ம வீடு, தூங்கினாலும் தப்பா இறங்க மாட்டோம்’ என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

அந்தக் காலத்தில் எங்கள் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்று, ஐந்து, ஒன்பது, அவ்வளவுதான். ஏழாவது மாடிக்காரர்களுக்கு இரண்டு வழி உண்டு: ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறலாம், இல்லை ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி கீழே வரலாம். பாசாரிலிருந்து பையோடு வருகிற பெண்கள் ஒன்பதுக்குப் போவார்கள். வெறுங்கையோடு வருகிற ஆண்கள் வீம்புக்கு ஐந்தில் இறங்குவார்கள். ஆக, இரண்டு கூட்டமும் எங்கள் வாசலுக்கு நேரே படிக்கட்டில் எதிரும் புதிருமாகச் சந்திக்கும். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறார், யார் வீட்டில் இன்றைக்குப் பெலாச்சான் (இறால் விழுது) வறுக்கிறார்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். எட்டாவது மாடிச் சீனப் பாட்டிக்கு முட்டி தேய்ந்துபோனது அவர் பிள்ளைகளுக்குத் தெரியும் முன்பே எங்களுக்குத் தெரியும்.

அரசாங்கம் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தை 2001இல் தொடங்கியது. எங்கள் புளோக்குக்கு அது வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. குடியிருப்பவர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. நான் ‘வேண்டும்’ என்றுதான் வாக்களித்தேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அம்மா சக்கர நாற்காலியில் மருத்துவமனைக்குப் போய்வந்த கடைசி இரண்டு ஆண்டுகளை அந்த மின்தூக்கி இல்லாமல் என்னால் நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் படிக்கட்டு காலியாகிவிட்டது. எட்டாவது மாடிக்காரர் எட்டிலேயே இறங்கினார், நான் ஏழிலேயே இறங்கினேன். உள்ளே இருக்கும் அந்த அரை நிமிடமும் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்தார்கள். கைப்பேசி இல்லாதவர்கள் எண் மாறுவதைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் பழையபடி ஐந்தை அழுத்தி இறங்கி நடந்தார். ஏன் என்று கேட்டால் பழக்கம் என்பார். படிக்கட்டில் யாரும் வருவதில்லை என்று சில மாதம் கழித்து அவரும் ஏழுக்கு வந்துவிட்டார்.

அதுவரை படிக்கட்டில் நடந்த பேச்செல்லாம் அதற்கப்புறம் கீழே இறங்கி வந்துவிட்டது, மாமா கடைக்கும் கல்மேசைக்கும்.

மாமா கடை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சீனர், மலாய்க்காரர், யூரேசியர் எல்லாருமே ‘மாமா ஷாப்’ என்கிறார்கள். இந்த நாட்டு ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களில் அதுவும் ஒன்று. எங்கள் கடைக்காரரின் தகப்பனார் கடையநல்லூரிலிருந்து வந்தவர். நாங்கள் அவரைப் பாய் என்போம், பிள்ளைகள் மாமா என்பார்கள். அவரைவிடப் பதினைந்து வயது மூத்த சீன ஆண்ட்டிகளும் மாமா என்றே கூப்பிடுவார்கள், அவரும் முகம் மாறாமல் ‘யெஸ் ஆண்ட்டி’ என்பார். ஒரு கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும் அளவுக்குக் கடை. அதற்குள் ரொட்டி, ஐஸ்கட்டி, பேட்டரி, முறுக்கு, மெழுகுவத்தி, பேனடால், நம்முடைய ஊதுபத்தி, சீனர்களுடைய ஊதுபத்தி, ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குத் திடீரென்று ஞாபகம் வருமே, பள்ளிக்கூட வெள்ளைக் காலணிக்குப் பூசும் அந்த வெள்ளைச் சாயம், எல்லாம் இருக்கும்.

கடன் கணக்கு 555 நோட்டில். உள்ளங்கை அளவு நோட்டுதான், ஆனால் எங்கள் புளோக்கின் சரித்திரமே அதில் இருந்தது. பாய் தமிழில்தான் எழுதுவார். யாருடைய பெயரும் அதில் இருக்காது. ‘10 குட்டை’, ‘3 பூனைக்காரம்மா’, ‘4 டாக்சி’ என்று மாடி எண்ணும் பட்டப்பெயரும்தான் இருக்கும். மாதக் கடைசியில் பணம் வந்ததும் அந்த வரியைக் குறுக்கே அடித்துவிடுவார். போன டிசம்பரில் கடையை மூடிய அன்று பழைய நோட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்து எனக்குக் காட்டினார். 2016ஆம் ஆண்டு நோட்டில் ஒரு வரி மட்டும் அடிபடாமல் இருந்தது. ‘7 நேவல்பேஸ், 2.40.’ அப்பா அந்த ஆண்டுதான் காலமானார். நான் பணப்பையை எடுத்தேன். ‘அது கிடக்கட்டும் தம்பி’ என்று சொல்லி நோட்டை மூடி டின்னில் போட்டுவிட்டார்.

பாய் கடையை மூடியதற்கு யார்மீதும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் இருவரும் அலுவலக வேலைக்குப் போகிறார்கள், அவருக்கும் வயதாகிவிட்டது. அந்த இடத்தில் இன்னொரு கடை வருமா வராதா என்பது உங்கள் கையில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. பாய் பத்து வெள்ளி நோட்டை வாங்கிக்கொண்டு டிராயரைத் துழாவும் நேரம் இருக்கிறதே, அந்த நேரத்தில்தான் எங்களுக்குள் பேச்சு நடந்தது. ‘உங்க பையனுக்கு என்எஸ் (தேசிய சேவை) முடிஞ்சிருச்சா?’ ‘மேலே என்ன, நேத்து ராத்திரி ஒரே சத்தம்?’ இப்போது பேரங்காடியில் நானே பொருளை எடுத்து, நானே இயந்திரத்தில் காட்டி, நானே பணம் கட்டிவிட்டு வருகிறேன். ஒரு நொடிகூட யாரும் என்னைக் காக்கவைப்பதில்லை. ‘என்ன அங்கிள், இளைச்சிட்டீங்க?’ என்று யாரும் கேட்பதும் இல்லை.

1989 மார்ச்சில் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பாடமே இருக்கிறது. ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். நல்லதுதான். பக்கத்துப் பக்கத்து வாசல் எங்களுக்குக் கிடைத்தது. ஆனால் பேசுவதற்கு வேறு ஏதோ ஒரு சாக்கு வேண்டியிருந்தது: சில்லறை, மழை, பழுதான மின்தூக்கி.

என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எட்டாவது மாடிப் பாட்டிக்கு ஹொக்கியன் சீனம் மட்டும். நடுவில் பாசார் மலாய், சந்தையில் பேசும் எளிய மலாய். மாலையில் கல்மேசைக்கு வந்ததும் பாட்டி ‘மாக்கான் சுடா?’ (சாப்பிட்டாச்சா?) என்பார், அம்மா ‘சுடா, சுடா’ என்பார். சாப்பாடு சூடாக இருக்கிறதா என்று அந்தப் பாட்டி தமிழில் கேட்பதாகவே என் மகள் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் பொதுவாக ஓர் இருநூறு சொற்கள் இருந்திருந்தால் அதிகம். அதை வைத்துக்கொண்டு மருமகள்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். பேச்சில் எந்த மருமகளின் தலை உருண்டது என்று தெரியாமல் என் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

அம்மா 2012இல் இறந்தார். மண்டாய் தகனச்சாலைக்குக் கிளம்பும்வரை கீழ்த்தளத்தில்தான் வைத்திருந்தோம். பாட்டி மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து ஒரு வெள்ளை உறையை நீட்டினார். துக்க வீட்டுக்குச் சீனர்கள் கொடுக்கும் பணம். நம் வழக்கத்தில் இதை வாங்கலாமா என்று சித்தப்பா தயங்கினார். பாட்டி யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. உறையைக் கல்மேசையில் வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். வண்டி கிளம்பும்வரை, மூன்று மணி நேரம் இருக்கும், எழுந்திருக்கவே இல்லை. மகன் இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அவர் உட்கார்ந்திருந்தது இப்போது காணாமல்போன அந்த முக்காலியா என்று கேட்டால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த பக்கம் என்பது ஞாபகம் இருக்கிறது. சிமெண்டுப் பூச்சு இருப்பதும் அந்தப் பக்கம்தான்.

அதற்கு அடுத்த சனி ஞாயிறு அதே இடத்தில் மூன்றாவது மாடி மலாய்க் குடும்பத்தில் கல்யாணம். மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் மேலே வந்து வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கொம்பாங் மேளம் அடிக்கலாமா, வேண்டாமென்றால் விட்டுவிடுகிறோம் என்றார். அப்பா அவரைப் பார்த்து, ‘கல்யாண வீட்டுல மேளம் இல்லாம எப்படி? அடிக்கச் சொல்லுங்க’ என்று மலாயில் சொன்னார். அடித்தார்கள். எங்கள் பக்கத் தூண்களை விட்டுத் தள்ளி, அந்தக் கோடியில் நின்று அடித்தார்கள். இதை யாரும் எந்தச் சுவரொட்டியிலும் போடவில்லை. போட்டிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

பழைய கதையாகவே சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் பதினோராவது மாடிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு அந்தப் பெண் மேசைப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். என் மனைவி சும்மா இருக்காமல் ‘பசியாறியாச்சா?’ என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண்ணுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ‘இல்லைங்க, எனக்கு ஒண்ணும் பசிக்கலைங்க’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் காலைச் சாப்பாட்டைத்தான் பசியாறல் என்கிறோம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பட்டினியாக இருப்பவள் மாதிரியா தெரிகிறேன் என்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்த்ததாகப் பிறகு சொன்னார்.

இங்கே பிறந்த தமிழர்களும் ஊரிலிருந்து வந்த தமிழர்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் மனத்தில் என்னென்ன வைத்திருக்கிறோம் என்பது உங்கள் குழுவிலேயே இருக்கும் தமிழர்களுக்குத் தெரியும். நானும் வைத்திருந்தேன். அவர்கள் ஆங்கிலத்தில் அலட்டுவார்கள் என்று நான் நினைத்தேன். எங்கள் தமிழ் பாதி மலாய் என்று அவர் நினைத்திருக்கிறார். இரண்டும் முழுப் பொய்யில்லை. இப்போது காலையில் அவர் ‘பசியாறியாச்சா ஆண்ட்டி?’ என்கிறார், என் மனைவி வேண்டுமென்றே ‘டிபன் ஆச்சும்மா’ என்கிறார். இதற்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பிடித்தது. வேறு வழியில் சீக்கிரம் நடந்திருக்குமா தெரியவில்லை. அந்த ஒன்றரை ஆண்டும் பள்ளிப் பேருந்து தாமதமாக வந்த நாள்களுக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்து, நீங்கள் விரும்பாத ஒரு விஷயம். மாமா கடை ஓரத்து நீள பெஞ்சு. போன ஆண்டு புளோக்குக்குச் சாயம் அடித்தார்கள் அல்லவா, அந்த ஊழியர்களில் சிலர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பெஞ்சில் படுப்பார்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்து லாரி ஏறியவர்களோ. ஒரு தம்பியிடம் ஊர் எது என்று கேட்டேன். ‘திருத்துறைப்பூண்டி பக்கம்ணே’ என்றார். எங்கள் தாத்தா மன்னார்குடிப் பக்கம் வடுவூர் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன், நான் போனதில்லை என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ‘வடுவூரா? தஞ்சாவூர் பஸ்ஸு அந்த வழியாத்தான்ணே போகும். பெரிய ஏரி இருக்கு. சீசனுக்குப் பறவையா வந்து இறங்கும்.’ என் தாத்தா ஊரில் ஏரி இருக்கிறது என்று அறுபது வயதுக்கு மேல் எனக்குத் தெரியவந்தது, சாயம் அடிக்க வந்த தம்பியின் புண்ணியத்தில். அப்பா அந்த ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருவேளை அவருக்கும் தெரியாதோ என்னவோ.

இரண்டு வாரத்தில் பெஞ்சின் நடுவில் இரும்புக் கைப்பிடி வந்துவிட்டது. படுக்கிறார்கள் என்று புகார் செய்தது எங்களில் ஒருவர்தான், உங்களைச் சொல்லவில்லை. முதியவர்கள் கையூன்றி எழுவதற்கு என்றீர்கள். உண்மைதான், நானே அதில் கையூன்றித்தான் எழுகிறேன். ஆனால் அதன் பிறகு அந்தத் தம்பிகள் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் படிக்கட்டு அடியில் அட்டையை விரித்துப் படுத்தார்கள். அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்தே உங்கள் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்து புளோக்கில் முதியோருக்கு நிலையம் இருக்கிறதே, அங்கே போகலாமே என்று உங்களில் ஒருவர் என்னிடம் அன்பாகக் கேட்டார். போகிறேன். புதன்கிழமைதோறும் போகிறேன். குளிர்சாதனம் இருக்கிறது, ரம்மி-ஓ ஆட்டம் இருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் உடற்பயிற்சி இருக்கிறது, அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் தங்கமானவர்கள். உள்ளே நுழையும்போது பெயர் பதிய வேண்டும். பத்தரைக்குத் தொடங்கினால் பதினொன்றரைக்கு முடிந்துவிடும். நடுவில் ஒருவர் வந்து படம் எடுப்பார், எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவோம். எனக்கு அங்கே ஒரே ஒரு குறைதான்: எல்லாரும் கிழவர்கள். கல்மேசையில் அப்படியில்லை. அதன்மேல் சதுரங்கக் கட்டம் பதிந்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள். தொடக்கநிலை நான்கில் படிக்கும் ஒரு பையன் பாட்டில் மூடிகளை வைத்து டாம் ஆட்டத்தில் என்னைத் தொடர்ந்து மூன்று நாள் தோற்கடித்தான். நான்காம் நாள் பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தான், அதுதான் பெரிய அவமானம்.

பூனைக்காரம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 555 நோட்டில் இருந்தாரே, அவர்தான். வீவக வீட்டில் பூனை வளர்க்கத் தடை இருந்த காலமெல்லாம் கல்மேசை அடியில் வைத்தே சோறு போட்டுவந்தார். 2024 செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்து வீட்டுக்கு இரண்டு பூனை வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அவரும் ஆசையாகக் கூடை, மெத்தை எல்லாம் வாங்கினார். பூனைகள் மாடிக்கு வர மறுத்துவிட்டன. அவற்றுக்கும் இங்கேதான் பிடித்திருக்கிறது. நீங்கள் கேட்கும் கருத்துகளில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மேசையை எடுத்துவிடலாம் என்பவர்கள் சொல்வதும் எனக்குத் தெரியும். இரவில் சிலர் பீர் குடித்துச் சத்தம் போடுகிறார்கள் என்று இரண்டாவது மாடிக்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். நியாயமான வருத்தம், அவர்கள் சன்னல் நேரே மேலே இருக்கிறது. 2015இலிருந்தே இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லி எழுப்பி அனுப்பலாம், மேசை என்ன செய்யும்? அங்கே குடிப்பவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். மனைவி போன பிறகு இருட்டினால் வீட்டில் இருக்க முடியவில்லை என்று கீழே வருகிறார். ஒரு டின்னை இரண்டு மணி நேரம் கையில் வைத்திருப்பார். சத்தம் போடுவது அவரல்ல.

சரி, வேலைக்கு வருகிறேன். சைக்கிள் நிறுத்துமிடம் வேண்டியதுதான், மின்தூக்கி ஓரமெல்லாம் சைக்கிள் சாய்ந்து கிடக்கிறது. அதற்குக் குப்பைத்தொட்டிப் பக்கம் தூண்களுக்கு நடுவே தாராளமாக இடம் இருக்கிறது. பார்சல் பெட்டகம் அடுத்த புளோக்கிலேயே இருக்கிறது. சுவரோவியம் உங்கள் இஷ்டம். கூரையில் கூவும் கோழி, கபடி ஆடும் பிள்ளைகள் என்று கம்பத்தை மட்டும் வரையாதீர்கள், எங்களைக் கேட்டுவிட்டு வரையுங்கள். அந்த மூலை விளக்கு மினுக்மினுக்கென்று எரிகிறது, அதை மாற்றுங்கள். நீள பெஞ்சைச் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள், மின்தூக்கி வாசலைப் பார்த்துத் திருப்புங்கள். வருகிறவர் முகமும் போகிறவர் முகமும் தெரிய வேண்டும்.

இன்னொன்று, பெயர்ப்பலகை வேண்டாம். ‘நட்பு மூலை’, ‘ஒற்றுமைத் தளம்’ என்று எதையாவது எழுதி மாட்டி, விருந்தினரை அழைத்து நாடா வெட்டித் திறந்துவைத்தீர்கள் என்றால், அதன் பிறகு நாங்கள் அங்கே உட்காரக் கூச்சப்படுவோம். அந்த மேசை ஏற்கனவே ஒரு முறை நாடாவைப் பார்த்துவிட்டது.

நீங்கள் எல்லாரும் தன்னார்வலர்கள், சொந்த வேலையை முடித்துக்கொண்டு எங்களுக்காக ஓடுபவர்கள் என்பதை நான் மறக்கவில்லை. அதனால் என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். கீழே வாருங்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஒரு முக்காலியில் நான் இருப்பேன், ஒன்றில் பூனை இருக்கும். மூன்றாவது உங்களுக்கு. இரண்டு பேராக வந்தால் ஒருவர் நிற்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
7 நேவல்பேஸின் மகன்